பின்சீட்டில் விரித்த வேட்டி

கார் இருக்குதுங்க. கையில சாவியப் பாத்துட்டுத்தான கேக்கறீங்க. வீட்டுல வெச்சுட்டு வரலாம்னா வீட்டுல ஆளில்லீங்க, அதனால சாவி எங்கூடவே வந்துட்டுப் போயிட்டு இருக்குது. காரு போர்டிகோவுல நிக்குது. மேல கவரு, கவருக்குள்ள பழைய பெட்ஷீட்டு. இந்தப் பங்குனி வெய்யில்ல வெளிய எடுத்தா சீட்டு என்னத்துக்காகும் சொல்லுங்க. இப்ப நாம இந்த பஸ்ஸுல உக்காந்திருக்கறது ரெக்சினுங்க. பிளாஸ்டிக்குதான் இது, என்ன பண்ணுனாலும் கேக்காது. அது தோலு. மாட்டுத்தோலு. தோலுக்கு வெய்யிலு ஆகாது, ஈரம் ஆகாது, எண்ணெ ஆகாது. ஆகறதுன்னு பாத்தா ரொம்பக் கம்மிங்க.

என்ற பேரு சென்னியப்பன். சிங்காநல்லூர்ல வீடு. ஸ்பின்னிங் மில்லுல முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பர். ஒரு பேரிங்கு காணாமப் போனதில்ல, ஒரு பெல்ட்டு எலி கடிச்சதில்ல. பொருள வெச்சுக்கற விதத்துல வெச்சா அது பாட்டுக்கு இருக்கும். மனுசங்களுக்கு அது புரிய மாட்டேங்குது. அத விடுங்க.

நான் பொள்ளாச்சி வரைக்குந்தானுங்க. என்ற புள்ள மேகலாவக் கூட்டிட்டு வரப் போறன். புள்ளையும் பேரனும். பேரனுக்கு மூணு மாசம். இன்னைக்குத்தான் மொதல் தடவையா நம்ம வீட்டுக்கு வர்றான். வரோணும். வந்துருவாங்கன்னுதான் பாலாமணி சொல்லீருக்கறா. பாலாமணி என்ற வீட்டுக்காரி. அவளும் அங்கதான் இருக்கறா, அஞ்சு மாசமா.

அஞ்சு மாசமாங்கறீங்களா. ஆமாங்க. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. வேட்டியால வந்ததுங்க.

காரு வாங்குனதே மேகலாவுக்குக் கல்யாணம் ஆன வருஷந்தான். சம்பந்தி வீட்டுல ரெண்டு காரு நிக்குது, தென்னந்தோப்பு இருக்குது. நாம போயி பஸ்ஸ்டாண்டுல எறங்கி, துணிப்பைய தூக்கிட்டு நடந்தா நல்லாருக்காதுன்னுட்டு ஒரு பல் டாக்டருகிட்ட வாங்குனன். வெளிநாட்டுக்காரு, பதினோரு வருஷம் ஓடுனது. இஞ்சின் கிளி மாதிரி இருக்குது. ஆனா சீட்டப் பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுருச்சுங்க. சந்தன கலர் லெதரு. டிரைவர் சீட்டுல ஏறி எறங்கற ஓரத்துல கலரே போயி, உள்ள இருக்கற வெள்ளத்தோலு தெரியுது. பின்சீட்டு பூராவும் வெடிப்பு. டாக்டரு பல்லு நல்லாப் புடுங்குவாராட்டருக்குது, சீட்ட வெச்சுக்கத் தெரியல.

மொதல்ல நானே ஒரு தப்புப் பண்ணுனனுங்க. ஒத்துக்கறன். மில்லுல அந்தக் காலத்துல தோல் பெல்ட்டு காஞ்சு போனா வெளக்கெண்ணெ போடுவோம். பெல்ட்டும் தோலு, சீட்டும் தோலுன்னு நெனச்சு, ஒரு லிட்டர் வாங்கியாந்து அஞ்சு சீட்டுக்கும் தேச்சு உட்டுட்டன். பெல்ட்டு மேல யாரும் உக்கார மாட்டாங்கங்கறது அப்பத் தோணல. மூணு வாரம் பிசுபிசுன்னே கெடந்துச்சு. பாலாமணி தெரியாம கத்திரிப்பூ கலர் சீலையோட உக்காந்துட்டா. கோயில்ல எறங்கி நடக்கறா, பின்னாடி பூராவும் எண்ணெ. நான் பின்னால இருந்து பாத்துட்டு, அடடா, இவ்வளவு எண்ணெய சீலை இழுத்திருக்குதுன்னா துணிய வெச்சு ஒத்தி எடுத்தா சீட்டச் செரி பண்ணீரலாமேன்னு நெனச்சன். அப்படியே பண்ணுனன், செரியாச்சு. அன்னைலருந்து அவ கார்ல வந்தா பழைய சீலைதான் கட்டுவா. அப்புறமேட்டு வர்றதையே உட்டுட்டா. டவுன் பஸ்ஸுதான் அவளுக்குப் புடிச்சுப் போச்சுங்க. காத்தோட்டமா இருக்குதும்பா.

அதுக்கப்புறம் முறையாக் கத்துக்கிட்டன். போன்ல எல்லாம் வருதுங்களே. ஆடி மாசம் பூரா எனக்கு அதுதான் வேல. ஆடில ஒரு விசேசமும் இல்ல, காரு வெளிய போக வேண்டியதில்ல. மொதல்ல அழுக்கெடுக்கோணும். குழந்தைக்குத் தல தேய்க்கற பிரஷ் இருக்குது பாத்தீங்களா, அந்த மாதிரி மெதுவான பிரஷ்ல நொரை வெச்சுத் தேய்க்கோணும், தண்ணி உள்ள எறங்கக் கூடாது. அப்புறம் பொடி உப்புத்தாள்ல லேசாத் தேய்க்கோணும். வெடிப்புல பட்டி பாக்கோணும், செவுத்துக்குப் பாக்கறாப்ல இல்ல, தோலுக்குன்னே வருது, காஞ்சாலும் வளையும். அது காஞ்சதும் மறுபடி உப்புத்தாள். அதுக்கு மேல பஞ்சுல தொட்டுத் தொட்டுக் கலரு. ஒருவாட்டில கலரு நிக்காதுங்க, ஏழு வாட்டி குடுத்தன். ஒவ்வொரு வாட்டியும் காய வெச்சு. சந்தன கலருன்னு சொன்னா கடைக்காரன் ஒரு மஞ்சளத் தூக்கிக் குடுக்கறான். நான் ஒரு சீட்டுக்கு அடியில யாரும் தொடாத எடத்தக் கண்டுபுடிச்சு, அந்தக் கலருக்குச் செரியா நாலு கலரக் கலக்குனன். ஆடி முடிஞ்சு ஆவணி பொறக்கறப்ப அந்தச் சீட்டப் பாத்திருக்கோணும் நீங்க. நான் தனியா உள்ள உக்காந்து கொஞ்ச நேரம் அழுதனுங்க. பொய் சொல்லல.

அவ்வளவு பாடுபட்டா சும்மா உட முடியுங்களா. கார்ல ஏறறதுக்கு நாலு விசயம் சொல்லி வெச்சன். ஜீன்ஸ் பேண்ட்டுல பின்னாடி பித்தளைக் குமிழ் இருக்கும், அது கீறும், அதனால ஜீன்ஸ் வேண்டாம். தலைக்கு எண்ணெ வெச்சா சாயக் கூடாது. மல்லிப்பூ நசுங்குனா கறை, அதக் கையில வெச்சுக்கலாம். பேக்க மடில வெச்சுக்கோணும், ஜிப்பு மேல பாத்தாப்ல. இதுல என்னங்க கஷ்டம். மேகலா கேட்டுக்கும். சின்னதுலருந்தே சொன்னாக் கேட்டுக்கற புள்ள. மாப்ள யுவராஜ் ஒருக்கா ஏறுனாரு, அதுக்கப்புறம் எப்பக் கூப்புட்டாலும் அவரு வண்டியிலயே முன்னாடி போயிக்கறன் மாமாம்பாரு. நல்ல பையன், அடுத்தவங்கள சிரமப்படுத்த மாட்டாரு.

இப்ப வளைகாப்புக்கு வர்றன்.

ஏழாம் மாசம் வெக்கலாம்னாங்க, நாளு தள்ளித் தள்ளி எட்டாம் மாசந்தான் வெச்சாங்க. தலப்பிரசவம் நம்ம வீட்டுலதான, அது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. வளைகாப்பு முடிஞ்சு, பொறந்த வீட்டுக்காரங்க கூட்டிட்டு வரோணும். அந்த ஒரு நாளுக்காகவேதான் நான் காரத் தயார் பண்ணி வெச்சிருந்தன்னு சொல்லலாம். மொதநாளு பூரா பின்சீட்டுக்கு, தோலுக்குன்னே வர்ற கண்டிஷனர் கிரீமு போட்டன். புள்ள சாஞ்சு உக்காரோணும், எட்டு மாசம், தோலு மெத்துன்னு இருக்கோணும்னுட்டு. அதுக்குத்தானுங்க போட்டது. இத ஏன் சொல்றன்னா, அன்னைக்கு யாருமே இதக் கேக்கல.

வளைகாப்பு நல்லா நடந்துச்சு. ஏழு வகை சோறு, ரெண்டு கைலயும் மொழங்கை வரைக்கும் வளையலு. ஊர்ல இருக்கற பொம்பளைங்க பூரா வந்து கன்னத்துலயும் கையிலயும் சந்தனத்தப் பூசுனாங்க. மஞ்சளு வேற. குங்குமம் வேற. நான் ஒவ்வொருத்தரும் பூசறப்ப எண்ணிட்டே இருந்தன். முப்பத்தாறு பேரு. மஞ்சக் கறை தோலுல பட்டா உப்புத்தாள்தானுங்க, வேற மருந்தே இல்ல. அதுவும் மொதநாளு கண்டிஷனர் போட்ட தோலு. பச்சப்புள்ள மாதிரி, எதத் தொட்டாலும் இழுத்துக்கும்.

நல்ல நேரம் முடியறதுக்குள்ள கெளம்போணும்னு வாசலுக்கு வந்தாங்க. எல்லாரும் நிக்கறாங்க. நான் கதவத் தொறந்து, டிக்கிலருந்து வேட்டிய எடுத்துப் பின்சீட்டுல விரிச்சன். எட்டு மொழம், புதுசு, ஒருக்காக்கூடக் கட்டுனதில்ல. நாலு மூலையும் சொருகி, சுருக்கமில்லாம விரிச்சுட்டுத் திரும்பறன், எல்லாரும் வேட்டியவே பாத்துட்டு நிக்கறாங்க.

சம்பந்தியம்மாதான் பேசுனாங்க. "ஏனுங்கண்ணா, நெறமாசப் புள்ளைய வெள்ளத்துணி மேல உக்கார வெச்சா அனுப்பறது?"

எனக்கு மொதல்ல வெளங்கல. வெளங்குனதும் பொறுமையா எடுத்துச் சொன்னன். கலர்த்துணி விரிச்சா சாயம் எறங்குமுங்க, வெள்ளதானுங்க சீட்டுக்கு நல்லதுன்னன். அவிய சீட்டப் பத்திக் கேக்கலைன்னு பாலாமணி பின்னாலருந்து கிள்ளுறா. நான் என்ன பண்ண, கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லோணுமில்லீங்களா. மாப்ள உள்ள ஓடிப்போயி ஒரு பவானி ஜமக்காளம் எடுத்துட்டு வந்தாரு, செவப்பும் பச்சையும் பட்டையா. புதுசு. "இத விரிச்சுக்கலாம் மாமா, பிரச்சன தீந்துச்சு"ன்னாரு. செவப்புங்க. சந்தன கலர் சீட்டு மேல செவப்பு.

நான் ஒத்துக்கலைன்னு சொல்ல மாட்டன். சோதிச்சுப் பாத்துரலாம்னன். ஒரு சொம்பு தண்ணி வாங்கி, ஜமக்காளத்து மூலைய நனைச்சு, என்ற கைக்குட்டையில அழுத்தித் தேச்சன். கைக்குட்டை செவந்து போச்சு. அத எல்லாத்துகிட்டயும் காட்டுனன். சம்பந்தியம்மாகிட்டயும் காட்டுனன். பாத்துக்குங்க, நான் சொன்னது செரிதானன்னு. செரின்னு தெரிஞ்சும் சொல்ல மாட்டேங்கறாங்க பாருங்க.

அப்பத்தான் மேகலா பக்கம் திரும்பி, நீ கையமட்டும் கழுவிட்டு வா அம்மிணி, வளையலுக்கு ஒரு துண்டு சுத்திக்கலாம், அப்ப வேட்டியே வேண்டாம், எல்லாருக்கும் சமாதானம்னன். நடுவுல வந்த யோசன, நல்ல யோசனதான். பூசுன சந்தனத்த இன்னைக்குக் கழுவக் கூடாதுன்னு ஒரு பாட்டம் ஆரம்பிச்சாங்க. நான் கேட்டன், துண்டு நனைச்சுத் தொடைக்கலாமா, அது கழுவறதுல சேருமா சேராதா. அதுக்கு ரெண்டு பொம்பளைங்க சேரும்ங்கறாங்க, ஒருத்தி சேராதுங்கறா. அப்படியே போயிட்டிருந்துச்சு. கொஞ்ச நேரந்தானுங்க.

மேகலா அதுக்கு மேல நிக்கல. வெய்யில்ல நின்னுட்டிருந்த புள்ள, திரும்பி உள்ள போயிருச்சு. செருப்பக் கழட்டி, படில கையூணி ஏறி, உள்ள போயிருச்சு. கையக் கழுவத்தான் போகுதுன்னு நெனச்சு நான் துண்ட எடுத்து வெச்சன். வரல. கொஞ்சம் கழிச்சு மாப்ள வந்து, "பிரசவம் இங்கயே பாத்துக்கறோம் மாமா, டாக்டரும் இங்கதான"ன்னாரு. சிரிச்சுட்டேதான் சொன்னாரு. பாலாமணி டிக்கியத் தொறந்து அவ பைய எடுத்தா. எங்க போறன்னன். உள்ளன்னா.

நான் மட்டும் வந்தன். உக்கடம் வரைக்கும் கண்ணாடில பின்சீட்டப் பாத்துட்டே வந்தனுங்க. விரிச்ச வேட்டி விரிச்சாப்ல இருந்துச்சு. ஒரு கறை இல்ல.

தலப்பிரசவம் மாமியா வீட்டுல நடந்துச்சு. எங்க சாதிசனத்துல இது எவ்வளவு பெரிய பேச்சுன்னு உங்களுக்குத் தெரியும். பேரன் பொறந்தன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாத்தன். செவந்த புள்ள. கையில குடுத்தாங்க. அரை மணி நேரம் இருந்தன். சம்பந்தியம்மா காப்பி குடுத்துட்டு வெளிய போயிட்டாங்க. மேகலா கண்ண மூடிப் படுத்திருந்துச்சு. அசதியா இருக்கும்.

வீட்டுல நான் ஒருத்தன்தானுங்க. சமையலு வருது, ரசம் நல்லாவே வருது. சீட்டு இப்ப எப்படி இருக்குதுன்னு கேக்கறீங்களா. நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றன். ஒரு சுருக்கம் இல்ல. ஆளு உக்காந்தாத்தானுங்க சுருக்கம் விழும். ஆனா அதுலயும் ஒரு சிக்கலு இருக்குது. தோலு மேல ஆளே உக்காராம உட்டாலும் வெறைச்சுப் போகுமுங்க, அப்புறம் என்னைக்கோ ஒருநாள் உக்காந்தா படக்குன்னு வெடிச்சுரும். ஒடம்புச்சூடு படோணும். அதனால தினம் பொழுதோட நான் போயி அஞ்சு சீட்டுலயும் பத்துப் பத்து நிமிசம் உக்காருவன். டிரைவர் சீட்டு, அப்புறம் பாலாமணி சீட்டு, அப்புறம் பின்னாடி மூணும். மேகலா உக்கார்ற சீட்டுல மட்டும் சித்த நேரம் எச்சாவே உக்காந்தர்றன். ஏன்னு தெரியல. எதுத்த வீட்டுக்காரரு ஒருநாளு, "ஏனுங்க சென்னியப்பா, காரு ஸ்டார்ட் ஆகலீங்களா"ன்னாரு. ஆகும்ங்க, எங்கயும் போகலைன்னன்.

போன வாரந்தான் போன் வந்துச்சு. பாலாமணி போன்லருந்து மேகலாவே பேசுச்சு. பதினஞ்சு நாளைக்கு வந்து இருக்கறன்ப்பான்னுது. கண்டிஷனர் போட்டு வெக்கறன் அம்மிணி, எட்டு மணிக்கெல்லாம் காரோட வந்தர்றன்னன். அப்புறம் சொல்லுச்சுங்க.

"கார் வேண்டாம்ப்பா. பஸ்ல வாங்க. பஸ்லயே போயிக்கலாம்."

பச்சக்கொழந்தைய வெச்சுட்டு பஸ்லயா, வேட்டி வேண்டாம், ஜமக்காளமே விரிச்சுக்கலாம், நானே தண்ணில ரெண்டு தடவ அலசிச் சாயத்த எடுத்தர்றன்னன்.

"வேட்டியில ஒண்ணுமில்லப்பா. எனக்கு அன்னைக்கு காலு ரெண்டும் வீங்கியிருந்துச்சு. நீங்க ஒருக்காக்கூடக் கீழ பாக்கல. நான் நின்னுட்டே இருந்தன், நீங்க சீட்டையே பாத்துட்டு இருந்தீங்க. இவனையும் அப்படி நிக்க வெப்பீங்கன்னு பயமாருக்குதுப்பா."

மூணு மாசக் கொழந்தைய யாருங்க நிக்க வெப்பாங்க. அவனுக்கு நிக்கவே தெரியாது. நான் அதச் சொல்லலாம்னு வாயத் தொறந்தன். சொல்லல. செரி அம்மிணின்னு வெச்சுட்டன். வெச்சுட்டு, அப்பத்தான் போட்டு வெச்சிருந்த சோத்துத் தட்டுக்கு முன்னால அப்படியே உக்காந்துட்டனுங்க. கால நான் பாக்கலதான். கதவோரம் மஞ்சத்தண்ணி சொட்டுதான்னு தரையப் பாத்தன், அதே எடத்துலதான் அது காலும் இருந்திருக்கும். எப்படிப் பாக்காம உட்டன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே வெளங்கல.

பஸ்ஸுன்னு ஆயிப் போச்சு, அதையாச்சும் செரியாப் பண்ணோணுமில்லீங்களா. மூணு நாளா இந்த லைன்ல போயிட்டுப் போயிட்டு வர்றன். பொள்ளாச்சி பஸ்ஸ்டாண்டு வரைக்கும் போறது, அதே பஸ்ஸுல திரும்பறது. சம்பந்தி வீட்டுக்குப் போகல, கூப்புட்ட நாளு இன்னைக்குத்தான. எந்த வண்டி குலுக்குது, எதுல வெய்யிலு எந்தப் பக்கம் விழுகுது, எல்லாம் பாத்தாச்சு. எட்டு வண்டியில இந்த வண்டிதான் தேவலாம். டிரைவரு மேட்டுல பாத்து ஏத்தி எறக்கறாரு. பொள்ளாச்சில நின்னு சாப்புட்டுட்டு ரெண்டு மணிக்கு இதே வண்டி திரும்புது. திரும்பறப்ப இந்தப் பக்கம் நெழலு. டயரு மேல வராத சீட்டு, காத்து நேரா மூஞ்சில அடிக்காத சீட்டுன்னு பாத்தா நாம இப்ப உக்காந்திருக்கற இதே சீட்டுதானுங்க. கண்டக்டருகிட்டயும் சொல்லி வெச்சுட்டன். அந்தத் தம்பிக்கும் வீட்டுல கைக்கொழந்த இருக்குதாமா, செரிங்கய்யான்னுட்டாரு.

ஒரே ஒரு கொறை. நமக்கு நடுவுல பாருங்க, உங்க தொடையோரம். கிழிஞ்சு பஞ்சு வந்திருக்குது. உள்ள ஒரு கம்பி வேற துருத்திட்டு இருக்குது, நேத்தே பாத்துட்டன். கொழந்தைய மடில போட்டா அது கை செரியா அங்கதான் போகும். அதுக்குத்தான் இந்தப் பையி. ரெக்சின் துண்டு, பசை, சின்ன இடுக்கி. பயப்படாதீங்க, தோலுக்குப் பட்ட பாட்டுல இதெல்லாம் கால் தூசு.

கிணத்துக்கடவு தாண்டிட்டமுங்களா. அப்ப செரி, இப்ப ஒட்டுனாத்தான் ரெண்டு மணிக்குள்ள நல்லாப் புடிக்கும். சித்த எந்திரிங்க. நானும் எந்திரிக்கறன். ஆங், கம்பி உள்ள போயிருச்சு. இந்தத் துண்ட இப்படி அழுத்திட்டன்னா முடிஞ்சுது. கையில பட்டாப் பரவால்ல, பேண்ட்டுல மட்டும் பட்டுறாமப் பாத்துக்குங்க.

இல்லீங்க, உக்காராதீங்க. அரை மணி நேரத்துக்கு மேல கனம் ஏறக் கூடாது. பக்கத்து சீட்டும் வேண்டாம், ஒரே பலகைங்க, அழுந்துனா இங்க பிரிஞ்சுக்கும். தெரியுதுங்க, நீங்களும் டிக்கெட்டு வாங்கித்தான் உக்காந்திருக்கறீங்க. கோயில்பாளையத்துல கூட்டம் ஏறும், யாராச்சும் வந்து தொபுக்குன்னு உக்காந்துருவாங்க. நீங்க அந்தப் பக்கம் கம்பியப் புடிச்சு மறைச்சு நில்லுங்க, நான் இந்தப் பக்கம் நிக்கறன்.

ஒண்ணும் ஆகாதுங்க, நின்னு பாருங்க. என்ற புள்ள அன்னைக்கு வெய்யில்ல முப்பத்தஞ்சு நிமிசம் நின்னுச்சு. கொஞ்ச நேரம்னுதான் எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டிருக்கறன், ஆனா கார்ல கடியாரம் இருக்குது, நான் பாத்தனுங்க.